இருக்கைத் தோலில் மூன்று ஓட்டைகள்

பழைய கார்களைச் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர், தான் வாங்கிய ரேஸ் கார் ஒன்றைச் செய்தது யார் என்று விசாரித்து, அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்கப்பாதான். தனி ஆளா செஞ்சாரு" என்றேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் சொல்வோம்.

அவர் இருக்கையைக் கழற்றியதும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசனை எழுந்தது. என் சின்ன வயதில் கொல்லையில் அப்பா இந்த வண்டியின் இன்ஜினோடு மல்லுக்கட்டுவார். அப்பாவின் நண்பர் பாஷா மாமா டேனரி வேலை முடிந்து நேராக வந்து, தகரத்தைத் தட்டித் தட்டி வண்டிக்கு உருவம் கொடுப்பார். இருக்கைக்குத் தோல் தைத்த அன்று அதன் ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டார். பதனிடும் குழியில் இறக்குமுன் தோலுக்குப் போடும் அடையாளம் அது.

"கார்ல எதுக்கு மாமா?"

"குழியில எல்லாம் ஒண்ணாதான் கெடக்கும் பாப்பா. வெளிய வர்றப்ப யாருதுன்னு தெரியணும்ல."

ரேஸில் ஜெயித்த கோப்பையோடு அப்பா மட்டும் நிற்கும் படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. எடுத்தவர் பாஷா மாமா.

வந்தவர் தோலைத் திருப்பி, முக்கோணமாக இருந்த ஓட்டைகளைத் தடவினார்.

"இது என்ன மேடம்?"

பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சுவரில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி அரிச்சிருக்கும் சார்."