இரண்டு வலது கால்கள்

என் கால் அளவு முப்பத்தேழு. வேறு ஊரில் இதைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சொல்லலாம். பெண்கள் மாடல் எது புதிதாக வந்தாலும் முதலில் முப்பத்தேழில்தான் சாம்பிள் தைப்பார்கள். அதுவும் ஜோடியாக இல்லை, வலது கால் மட்டும். பிடித்திருந்தால்தான் இடது காலுக்கே தோல் வெட்டுவார்கள்.

பன்னிரண்டு வருடம் ஸ்டிச்சிங் லைனில் மெஷின் ஓட்டி இடுப்பு போய்விட்ட சமயத்தில், இந்தக் கால்தான் என்னைச் சாம்பிள் ரூமுக்குக் கொண்டு போனது. வலது காலில் புதுச் செருப்பு, இடது காலில் அதே உயரத்துக்கு ஏதோ ஒரு பழைய செருப்பு. இப்படி மாட்டிக்கொண்டு அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்து நடை நடக்க வேண்டும். பிறகு எங்கே இறுக்குகிறது, எங்கே கடிக்கிறது என்று தாளில் எழுதி, ஓகே அல்லது நாட் ஓகே போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் நாட் ஓகே போட்டால் வெளிநாட்டுக்குப் போகிற மாடலும் நிற்கும். பத்தாவதில் பெயிலானவள் நான். என் பேச்சுக்கு வீட்டில்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

போன வருடம் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. எத்தனை நாள்தான் வெளிநாட்டுக்காரன் பெயரில் தைத்துக்கொண்டிருப்பது, சொந்தப் பெயரில் வேலூரில் ஒரு ஷோரூம் போடலாம் என்று. அதற்காக லேடீஸ் சாண்டல் ஒன்று வந்தது. உயரக் குதிகால், விரல்களுக்கு மேலே மெல்லிசாக இரண்டு பட்டை. மாட்டிக்கொண்டு மூன்றாவது நடையிலேயே தெரிந்துவிட்டது. பட்டையின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டு விளிம்பாக விட்டிருந்தார்கள். அது சுண்டு விரலை அறுத்தது. நாட் ஓகே என்று எழுதி, பட்டையை மடிக்க வேண்டும் என்றும் எழுதினேன்.

சாம்பிள் ரூம் மேனேஜர் தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷர் இல்லை. என் இடுப்பு வலிக்கு மருந்துகூட வாங்கித் தந்திருக்கிறார்.

"மடிச்சா பட்டை தடிப்பாய்டும்மா. பாக்க நல்லா இருக்காது. நூலு மாதிரி இருந்தாத்தான் லேடீஸ் காலுக்கு அழகு."

"அறுக்குது சார்."

"பழகிடும். தோல் தானே."

என் தோலைச் சொன்னாரா, செருப்புத் தோலைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தாளை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். மேல்மாடியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, உயரமான ஒரு ஸ்டூலில் மாடல் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். தொடைவரை பிளந்த சிவப்புக் கவுன். பாவம், காலையிலிருந்து அந்தப் பெண் ஒன்றும் சாப்பிடவில்லையாம், வயிறு தெரியக் கூடாது என்று. எல்லாம் சரியாக இருந்தது. செருப்பு மட்டும் நுழையவில்லை. அவள் கால் நாற்பது. எங்களிடம் இருப்பதோ முப்பத்தேழில் ஒற்றைச் செருப்பு. செருப்புப் படத்துக்கு அந்த அளவில் ஒரு காலும் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவேயில்லை.

கூப்பிட்டார்கள் என்னை. போனேன்.

மேக்கப் போடுகிற பெண் என் காலைத் தன் மடியில் வைத்து, முகத்துக்குப் பூசுகிற க்ரீமைக் கணுக்காலிலிருந்து நகம்வரை பூசினாள். மெட்டியைக் கழற்றச் சொன்னாள். "எதுக்கும்மா?" என்றேன். கேமராக்காரர் பதில் சொன்னார்: "மெட்டி இருந்தா ஃபேமிலி லேடி ஆய்டும்க்கா. ஃபேமிலி லேடி இந்தச் செருப்பு வாங்க மாட்டாங்க."

பின்னே யார் வாங்குவார்கள் என்று வாய்வரை வந்தது. கழற்றிப் புடவை முந்தியில் முடிந்தேன்.

செருப்பைப் போட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நடக்கப் போனேன். "நடக்க வேணாம்க்கா, சும்மா வைங்க, அவ்ளோதான்" என்றார். கடிக்கிறது என்று சொன்னேன். "போட்டோல கடிக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாடல் பெண் மட்டும், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். ஒற்றைச் செருப்பில் என் காலைப் படம் பிடித்துக்கொண்டு, மீதியைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

அந்தப் படத்தைக் கம்பெனியில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். டீ கொண்டுபோன கேண்டீன் அக்கா சொன்னாள், எட்டு ஆம்பிளைகள் அரை மணி நேரம் பார்த்தார்களாம். முடியைக் கொஞ்சம் முன்னால் விடு, கவுன் பிளவை இன்னும் மேலே ஏற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். முடிந்ததும் சத்துவாச்சாரியில் ஹைவே ஓரம் பெரிய பேனர் வைத்தார்கள். அந்தப் பெண் ஸ்டூலில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் பெரிய எழுத்தில்: நடக்கத் தேவையில்லை. நின்றாலே போதும்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் அதைத் தாண்டும்போது என் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். லைனில் பட்டை தைக்கிறவள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். தினமும் எனக்கு ஜன்னலோர சீட்டை விட்டுத் தராமல் சண்டை போடுகிறவள்.

"அக்கா! அக்கா! இங்க பாரு! ரெண்டும் வலது காலு!"

பஸ்ஸே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆமாம். இரண்டு காலிலும் கட்டை விரல் ஒரே பக்கம். ஒற்றைக் காலை எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறார்கள். என் கால்தான் அது என்று சொன்னேன். அவ்வளவுதான், ஆம்பூர் வரைக்கும் ஒரே ரகளை. "இன்னாக்கா, உனக்கு இடது காலே இல்லியா? மாமா கிட்ட சொன்னியா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பற்றிக்கொண்டு வந்தது. எட்டுப் பேர். காலம் முழுக்கச் செருப்பு செய்து சோறு தின்கிறவர்கள். அரை மணி நேரம் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தன் செருப்பைப் பார்க்கவில்லை!

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு வண்டியில் லாங் பஜாருக்குப் போனேன். பேனரிடம் வந்ததும் வண்டி மெதுவானது.

"இன்னா காலுடி அது! பால் மாதிரி."

"அது என் காலுங்க."

"போடி" என்று சிரித்துவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினார். பதினேழு வருடம் அவர் பக்கத்தில் நீட்டிப் படுத்த கால். கடைத்தெரு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

விஷயம் கம்பெனிப் பெரியவர்கள் காதுக்குப் போய், இரண்டே நாளில் இடது காலைத் திருத்தி வேறு பேனர் வைத்தார்கள். கவுன் அப்படியே இருந்தது. வாசகமும் அப்படியே. அதெல்லாம் தப்பென்று யாருக்கும் படவில்லை.

பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டிராயரிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஷோரூம் தேதி குறிச்சாச்சும்மா. பேனர் வேற வச்சாச்சு. இப்பப் போயி பட்டைய மாத்தினா படத்துல இருக்கறது ஒண்ணு, கடைல இருக்கறது ஒண்ணுன்னு ஆய்டும். ஒரு ஓகே போட்டுடு."

"கடிக்கும் சார்."

"உன் காலுக்குக் கடிச்சிருக்கும். சும்மா பேஜார் பண்ணாத. முப்பத்தேழுல லைன்ல வேற பொண்ணுங்களும் இருக்காங்க. அவங்கள இங்க வரச் சொல்லிட்டு உன்ன அங்க அனுப்பறது எனக்குப் பெரிய விஷயமில்ல."

குரலை உயர்த்தவில்லை அவர். எனக்கு லைன் ஞாபகம் வந்தது. எட்டு மணி நேரம், முதுகு சாய்க்க வழியில்லாத அந்த ஸ்டூல், ராத்திரி புரண்டு படுக்க முடியாத இடுப்பு. பேனாவை வாங்கி ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் சாம்பிள் ரூமுக்குத்தான் போனேன், லைனுக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பக்கத்து சீட்டுக்காரி நொண்டிக்கொண்டே பஸ் ஏறினாள். சண்டையே போடாமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள். இடது, வலது இரண்டு சுண்டு விரலிலும் பிளாஸ்திரி. காலில் அதே சாண்டல்.

தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கென்று ஆசையாக வாங்கினாளாம். காலையிலிருந்து விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டு நின்றதில், பந்தி முடிவதற்குள் விரல் கிழிந்துவிட்டதாம். இருந்தும் வாங்கியாச்சே, போட்டுப் போட்டுப் பழக்க வேண்டும் என்று வேலைக்கும் அதையே போட்டு வந்திருக்கிறாள்.

"பட்டையெல்லாம் நானே தச்சதுதான்க்கா. செருப்பு ஷோக்காத்தான் இருக்குது. என் காலுதான் சரியில்ல. விரலு பாரு, எவ்ளோ அகலம். இந்த மாதிரிலாம் போடறதுக்கு அந்தப் பொண்ணு மாதிரி காலு வோணும்."

அந்தப் பொண்ணின் கால்.

"உன் காலுல ஒண்ணும் இல்லடி" என்றேன். "கடிக்கும்னு எனக்குத் தெரியும். மொதல்ல நாட் ஓகேன்னுதான் எழுதினேன். அப்புறம் லைனுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து, ஓகேன்னு நான்தான் கையெழுத்து போட்டேன்."

சிரிப்பாள் என்றோ திட்டுவாள் என்றோ நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

நான் ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன்.