அயர்லாந்துப் புத்தகங்களில் அப்பா குறித்த வயதுகள்

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

அப்பா இறைவனில் இளைப்பாறத் தொடங்கி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுது, மற்றதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் அவர் மகளான என்னிடம் சொன்னார்கள். நல்ல குணங்களை எழுதுகிறேன். மற்றதையும் எழுதத்தான் போகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது சாந்தோமில், பட்டினப்பாக்கத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டு வீட்டில். பள்ளியில் படிக்கும்போதே அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டார். அப்போது தாத்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அப்பாவைப் படிக்க வைத்தது அவருடைய அக்கா, என் அத்தை. தையல் மெஷினை மிதித்து மிதித்தே தம்பியை நந்தனம் கல்லூரி வரை கொண்டு போனார். அப்பா மந்தைவெளியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் குடும்பத்தில் அங்கங்கே தலைகாட்டும் பூனைக்கண் எல்லோருக்கும் தெரியும். கும்பினிப் பட்டாளத்தில் வந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் சாந்தோம் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார் என்று கதை சொல்வார்கள். எனக்குக் கோயிலில் திருமண ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டிய சமயத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் போன அப்பா, அந்தச் சிப்பாயின் பெயரை அதில் கண்டுவிட்டார். அன்று பிடித்தது பித்து.

அயர்லாந்தின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி தீயில் போய்விட்டதாம். மிஞ்சியது புத்தகங்கள்தான். ஊர் ஊராகக் கல்லறைக் கற்களைப் படித்து எழுதிய புத்தகங்கள், குடும்பத்தார் தாங்களே அச்சடித்து உறவுக்குள் மட்டும் கொடுத்த வம்ச வரலாறுகள். எதுவும் கடையில் கிடைக்காது. மயிலாப்பூர் பழைய புத்தகக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தார். அடையாறில் யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி செய்கிறார் என்றால் அங்கே போய் நின்றார். அயர்லாந்தில் ஓய்வுபெற்ற நூலகர் அம்மையார் ஒருவருடன் வாரம் தவறாமல் கடிதப் போக்குவரத்து. கல்யாண வீடுகளில் நீங்கள் எல்லாரும் "துரை வந்துட்டாருப்பா, நாற்காலி போடுங்க" என்று கிண்டல் செய்வீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார்.

அம்மாவுக்கு மட்டும் அந்தப் புத்தகங்கள் பிடிக்கவில்லை. "ஊரான் கல்லறையையெல்லாம் கொண்டாந்து வூட்டுக்குள்ள அடுக்குறாரு உங்கப்பா. நல்லதுக்கில்ல" என்பார். நான் சிரித்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பெயர்கள் இல்லை, ஊர்கள் இல்லை. வயதுகள் மட்டும். ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்து நான்கு. அந்தச் சிப்பாயின் அண்ணன் தம்பிகள், தகப்பன், சித்தப்பன். கடைசியாக ஐம்பத்து மூன்று. அது நம் தாத்தா. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார். அப்போது அப்பாவுக்கு ஐம்பத்தாறு.

"இது என்னப்பா?" என்று கேட்டேன்.

"சும்மா கணக்கு. அந்தக் காலத்துல யாரு அறுபது பார்த்தாங்க?" என்று நோட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் அதே கற்களில் பெண்கள் எண்பது வரை இருந்ததை அவரும் படித்துத்தான் இருப்பார்.

அதன் பிறகு அவர் புத்தகம் வந்தால் சிரிப்பதில்லை. அந்த ஆண்டுதான் உடம்பும் தளர்ந்தது. இரண்டு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். விரல் முட்டிகள் வலித்துச் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. சர்க்கரை வந்தது. நிறம் மாறியது. இந்த மலரின் அட்டையில் உள்ள படம் அப்போது எடுத்ததுதான். தேய்க்காத செப்புக் குடம் போன்ற அந்த நிறத்தைப் பாருங்கள். வெயிலில் அலைந்து கறுத்துவிட்டார் என்றோம். வகுப்பறைக்குள் நின்று ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவருக்கு ஏது வெயில்? அதை ஒருவரும் கேட்கவில்லை.

களைப்பு என்றால் ரத்தம் இல்லை என்று நமக்குத் தெரியும் அல்லவா? அத்தை கொட்டிவாக்கத்திலிருந்து பஸ் ஏறி டிபன் கேரியரோடு வந்துவிடுவார். "இன்னாடா தம்பி, ஒடம்புல ரத்தமே இல்லாத மாதிரி கீற? இந்த ஈரலத் துன்னு" என்று ஆட்டு ஈரல் வறுவலைத் தட்டில் கொட்டுவார். அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். நான் என் பங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் இரும்புச் சத்து டானிக் வாங்கி வந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல், நானாக. பாட்டில் பாட்டிலாக.

வயிறு வீங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். "குடிப்பாரா?" என்று அம்மாவிடம் மூன்று முறை கேட்டார்கள். அம்மா அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

அந்த வாரம்தான் நூலகர் அம்மையார் அனுப்பிய பார்சல் வந்தது. அப்பா பல வருடமாகத் தேடிய புத்தகம். அந்தக் குடும்பத்தின் வம்ச வரலாறு, மெல்லிய பச்சை அட்டை. அவரால் படிக்க முடியவில்லை என்பதால் கட்டில் அருகே உட்கார்ந்து நான் வாசித்தேன். அந்தக் குடும்பத்து ஆண்கள் ஐம்பதைத் தாண்டியதும் களைத்துப் போவார்கள், கைமுட்டி வலிக்கும், வெயிலே இல்லாத ஊரில் தோல் வெண்கல நிறமாகும், கடைசியில் வயிறு வீங்கி இறப்பார்கள் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் யாரோ ஒரு வாரிசு, தன் உடம்பில் இரும்பு தேங்கியதென்றும், அவ்வப்போது ரத்தத்தை எடுத்து எடுத்தே தான் பிழைத்திருப்பதாகவும் குறித்திருந்தார். நான் நிறுத்திவிட்டேன். அப்பா கண்ணை மூடியபடி, "படி, கண்ணு. அதுக்குத்தானே வாங்கினேன்" என்றார்.

புத்தகத்தை டாக்டரிடம் கொண்டு ஓடினேன். அந்தப் பெண் டாக்டர் சிரிக்கவில்லை, உடனே சோதனைக்கு எழுதினார். அதுவேதான். சாப்பாட்டிலுள்ள இரும்பை அளவில்லாமல் சேர்த்து வைக்கும் உடம்பு அது, தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் முற்றும் என்றார். "உங்க வீட்ல சொந்தத்துல கல்யாணம் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். ஆயரிடம் விலக்கு வாங்கி வாங்கி அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பம் இது. அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். அத்தையும் மாமன் மகனைத்தான் கட்டினார். சொத்து வெளியே போகக் கூடாது என்றார்கள். போகவில்லை.

காலம் கடந்துவிட்டது. கடைசி நாட்களில் அப்பா என்னிடம் இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, நான் உடனே சோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, "அக்காகிட்ட ஈரல் சமாச்சாரத்த மட்டும் சொல்லாத. அது ஆக்கிப் போட்ட ஈரலும் இரும்புதான்னு தெரிஞ்சா தாங்காது." சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். நான்காம் நாள் போய்விட்டார். ஐம்பத்தேழு.

எனக்கும் இருக்கிறது. மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். நன்றாக இருக்கிறேன்.

அத்தையிடம் பரம்பரை வியாதி என்று மட்டும் சொல்லி, சோதனைக்குக் கெஞ்சினேன். "பேத்திக்கு வரன் பார்த்துக்கினு கீறோம். வியாதிக் குடும்பம்னு பேர் வாங்கணுமா?" என்று கதவைச் சாத்தாத குறை. கிறிஸ்துமஸ் அன்று அத்தையின் மகன், என் அத்தான், கேக் வாங்க வந்தார். ஐம்பது கூட ஆகவில்லை. என்ன அத்தான், நல்ல கலர் ஏறியிருக்கு என்று யாரோ கேலி செய்தார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். தட்டைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. "ரொம்ப டயர்டா கீதும்மா. அம்மா தெனம் ஈரல் செஞ்சு குடுக்குது" என்றார்.

மறுநாளே கொட்டிவாக்கம் போய், செத்தவருக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை எழுந்து போய் அடுப்பிலிருந்த ஈரல் சட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "அப்போ எந்தம்பிய நாந்தான் கொன்னுட்டனா?" என்றார்.

"இல்ல அத்தே. நாப்பது வருஷமா சேர்ந்ததாம். ஒரு வருஷச் சாப்பாடு பெரிசா ஒண்ணும் பண்ணியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க. டானிக் வாங்கிக் குடுத்தது நான்" என்றேன். டாக்டர் உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். அது எங்கள் இருவருக்கும் ஆறுதலாக இல்லை. மறு வாரம் அத்தானுக்குச் சோதனை செய்தார்கள். அவருக்கும் இருக்கிறது. ஈரல் இன்னும் கெடவில்லை.

அப்பா, உங்களிடம் சொன்ன சொல்லை மீறிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். மறுபடியும் அந்த நிலை வந்தாலும் மீறுவேன்.

அப்பாவைக் கடைசி வரை தூக்கிப் பிடித்த பங்கு மக்களுக்கும், உடன் பணிபுரிந்த ஆசிரியர்களுக்கும், நம் குடும்பத்தை ஒரு முறைகூடக் காணாமல் புத்தகம் தேடி அனுப்பிய அம்மையாருக்கும், கேலி செய்யாமல் அதைப் படித்துப் பார்த்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது. அதற்கு முன், மண்டப வாசலில் ரத்தம் எடுக்க இருவர் உட்கார்ந்திருப்பார்கள். நம் ரத்த உறவு யாரும் கை நீட்டாமல் பந்திக்குப் போக வேண்டாம். பெண்களும்தான். நமக்குத் தாமதமாக வரும், வராமல் போகாது. வரன் பார்க்கும் வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாற்காலியில், பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தை உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.