பெருவிரலுக்கு எட்டிய சில்லு

எங்கள் சபையில் பாட்டை ஆரம்பிப்பது ஆராதனை நடத்துகிறவர் மட்டுமல்ல. சாட்சி நேரத்தில் யாரும் எழுந்து நிற்கலாம். அந்தக் கிழமை ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லிவிட்டு, மனதில் வந்த பாட்டை, வாயில் வந்த சுருதியில் எடுத்துவிடலாம். சபை உடனே சேர்ந்துகொள்ளும். கிற்றார் வைத்திருப்பவர்தான் பின்னால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

பல வருடங்களாக அந்த ஓட்டம் என்னுடையதாக இருக்கவில்லை. ஆராதனை நடத்திய தம்பிக்கு நல்ல காது. யார் எங்கே பாட்டை எடுத்தாலும் அடுத்த வரிக்குள் பிடித்துவிடுவார். நான் அவருக்குப் பின்னால், தூணோடு ஒரு கதிரையில் இருந்து, மைக் இல்லாமல் சும்மா தட்டிக்கொண்டிருப்பேன். யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புப் படித்தபோது பாடசாலைப் பாடகர் குழுவுக்காகப் பழகிய ஏழெட்டுக் கோட்ஸ், கிற்றாரில் விரல் பிடிக்கும் ஏழெட்டு இடங்கள்தான், எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னால் அது தாராளமாகப் போதும்.

போன இலையுதிர் காலத்தில் அந்தத் தம்பி வேலை மாறி, குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். பாஸ்டர் சபையைச் சுற்றிப் பார்த்தார். கிற்றார் பிடிக்கத் தெரிந்த ஆளாக நான் ஒருத்திதான் மிஞ்சியிருந்தேன்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை செய்கிறேன். ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அது எனக்கு வசதி. அப்படிப்பட்டவளைத்தான் முன்னுக்குக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒன்றல்ல, இரண்டு மைக். ஒன்று வாய்க்கு, மற்றது கிற்றாருக்கு. என்னுடையது வெறும் மரக் கிற்றார், வயர் கொழுவ முடியாது. அதனால் ஒரு மைக்கை அதன் வயிற்றுக்கு நேரே வளைத்து வைத்தார்கள். அந்த மைக் கிற்றாரை மட்டும் கேட்கவில்லை. என் சேலை உரசுவதை, நான் மூச்சு விடுவதை, விரல் தவறுவதை எல்லாம் கேட்டு, எல்லாருக்கும் சொன்னது.

நான் பயந்தது டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு நடந்தது. எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறா. கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. முப்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவ எழுந்து சாட்சி சொல்லி அழுது, அந்த அழுகையோடேயே ஒரு பாட்டை எடுத்தா. நான் டி சுருதி பிடித்துப் பார்த்தேன், இல்லை. ஈ, இல்லை. ஒவ்வொரு பிழையும் ஸ்பீக்கர் வழியாகக் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பதற்றத்தில் நான் எனக்குள்ளே சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இவ எங்க நிக்கிறா?" என்று சொல்லிவிட்டேன்.

கட்டடம் முழுக்கக் கேட்டது.

சபை சிரித்தது. அந்த அக்காவே பாட்டை நிறுத்திச் சிரித்துவிட்டு, "இஞ்சதான் பிள்ளை நிக்கிறன், மூண்டாவது வாங்கில" என்றா. யாரும் கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஞாயிறு காலையில் ஒரு வாய் உள்ளே இறங்காது.

தை மாதம் பாஸ்டரிடம் போய், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அவசரப்படவில்லை.

"சிஸ்டர், ஈஸ்டர் வரைக்கும் எண்டு வைப்பம். அதுக்குள்ள பிளக் குத்துற கிற்றார் ஒண்டு பாருங்கோ. சபைக்குத்தான், ஆனா வாசிக்கிறது நீங்கள், நீங்களே தெரிஞ்செடுங்கோ. பேந்தும் ஏலாது எண்டா நான் கேக்கமாட்டன்."

பிளக் குத்துற கிற்றார் என்றால், பார்க்க மரக் கிற்றார் மாதிரியே இருக்கும். உள்ளே சத்தத்தைப் பிடிக்கும் கருவி ஒன்று பொருத்தியிருப்பதால், வயரைக் கொழுவி நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பலாம். கடைக்காரர்கள் அக்கூஸ்டிக்-எலெக்ட்ரிக் என்பார்கள். கிற்றாருக்கு முன்னால் மைக் தேவையில்லை. அது நல்லதுதான். ஆனால் மைக் போனாலும் என் பிழை போகாது, இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். போதாததற்கு, சபை எனக்கென்று ஒரு கிற்றார் வாங்கிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு விடுவது? கடைக்குப் போய், ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லித் திரும்பி வந்தால் தப்பிவிடலாம். உண்மையைச் சொன்னால், அந்த எண்ணத்தோடுதான் புறப்பட்டேன்.

என் கணவர் மரக்கறி விநியோகிக்கும் வான் ஓட்டுகிறவர். யாரோடும் எங்கேயும் கதைக்கக் கூடியவர். சபையில் உரத்துப் பாடுகிறவர்களில் அவரும் ஒருவர். சுருதி மட்டும் அவரிடம் நிற்காது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீடிருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து ஆற்றுக்கு அப்பால் லொங்கேய்க்கு அவரோடு போனேன். பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன.

"புவாண்ட்-கிளேரில கடை இருக்கேக்க, ஆறு கடந்து போறம். உமக்கென்ன விசரே?" என்றார்.

"அங்க எங்கட ஆக்கள் வருவினம்."

"வந்தா என்ன? நீர் கிற்றார் களவெடுக்கவே போறீர்?"

கடை நான் நினைத்ததைவிடப் பெரியது. சுவர் முழுக்கக் கிற்றார்கள் தொங்கின. நடுவில் ஒரு இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு, விரல் தெரியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நரைத்த தலைமயிரைப் பின்னால் கட்டிய, என் வயதுடைய கடைக்காரர் ஒருவர் வந்து என் கணவரிடம் இந்த ஊர்ப் பேச்சான பிரெஞ்சில், உங்களுக்கா என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, மகனுக்கா என்றார். எனக்குத்தான், தேவாலயத்தில் வாசிக்க, என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது.

அவர் அதை வேடிக்கையாக எடுக்கவில்லை. தேன் நிறத்தில் பெரிய கிற்றார் ஒன்றை இறக்கி, கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வயரைக் கொழுவி, "நேரம் எடுங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஒரு தரம் மெதுவாக மீட்டினேன். அறையே அதிர்ந்தது. சத்தம் இனிமையானது, அதில் குறையில்லை. ஆனால் வெளியே வேகமாக வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தான். எனக்கு அது போதும். கிற்றாரின் மேல்பக்க விளிம்பில் இருந்த திருகிகளில் சத்தத்துக்கு உரியதைத் தேடி, முழுதாகக் குறைத்தேன்.

அதன் பிறகு வாசித்தபோது ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. குனிந்து நாடியைக் கிற்றாரின் விளிம்பில் வைத்தேன். இன்னும் நன்றாகக் கேட்டது. நாடியெலும்பு வழியாகக் காதுக்குள் சுரம் ஓடியது.

"என்னப்பா, வாசிக்கிறீரோ இல்லையோ?" என்றார் கணவர், மூலையில் இருந்த முக்காலியிலிருந்து.

"உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"ஏதோ சுரண்டுற மாதிரி இருக்கு."

"ஒரு பாட்டு எடுங்கோ."

"இஞ்சையோ? என்ன பாட்டு?"

"சொல்லாமல் எடுங்கோ. சபையில எடுக்கிற மாதிரி."

இவருக்கு இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. எழுந்து நின்று, கையைத் தூக்கி, முழுத் தொண்டையில் எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் திரும்பினார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் குனிந்து தேடினேன். ஜி இல்லை. ஏ இல்லை. இரண்டுக்கும் நடுவில். கிற்றாரின் கழுத்தில் கவ்விச் சுருதியை உயர்த்தும் கப்போ கைப்பையில் இருந்தது, அதை முதல் கட்டில் போட்டு ஜி பிடித்தேன். இருந்தது. நான் செய்த இரண்டு பிழையும் யாருக்கும் கேட்கவில்லை. இவர் பாட்டுக்கு உச்சத்தில் நின்றார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கடைக்காரர் கையில் வேறொரு வயரோடு ஓடிவந்தார். உள்ளே ஒரு மனிதன் கத்திப் பாட, ஒருத்தி குனிந்து கையை ஆட்ட, கிற்றாரில் சத்தமே இல்லை. வயர் பழுது என்று நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டபடி வயரைக் கழற்றத் தொடங்கினார்.

பழுது இல்லை, நான்தான் நிறுத்தி வைத்தேன் என்றேன். ஏன் என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கிடங்கில் பெட்டி கட்டுவதற்கு உரியது. அதை வைத்துக்கொண்டு, எங்கள் தேவாலயத்தில் யாரும் எங்கிருந்தும் பாட்டை ஆரம்பிப்பார்கள், எந்தச் சுருதி என்று சொல்லமாட்டார்கள், நான் முதலில் ஒளிந்திருந்து தேட வேண்டும், பிறகுதான் வெளியே வர வேண்டும், என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு புதிய ஆளிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அவர் நிலத்தில் சம்மணம் போடாத குறையாகக் குந்தி, இன்னொரு தரம் செய்து காட்டுங்கள் என்றார். இவர் சந்தோஷமாக வேறொரு பாட்டை எடுத்தார். நான் தேடிப் பிடித்தேன். பிடித்ததும் திருகியைத் திருப்பக் கையை மேலே கொண்டுபோனேன். பார்க்காமல் எட்டவில்லை. பார்த்துத் திருப்பினால் இறுக்கமாக இருந்து, திடீரென்று முழுச் சத்தமும் பாய்ந்தது. இவர் திடுக்கிட்டு அரைச் சுருதி கீழே விழுந்தார்.

"இது உங்களுக்கு உரியது இல்லை" என்று சொல்லி, கடைக்காரர் தேன் நிறத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து அவர் கொண்டுவந்தது உடம்பு சின்னது. நிறமும் சாதாரணம். வெளியே திருகி ஒன்றும் இல்லை. சத்தம் வரும் வட்டத் துளையின் உள் விளிம்பில், பார்த்தால் தெரியாமல், சக்கரம் போல ஒரு சின்னச் சில்லு. மீட்டுகிற கையின் பெருவிரலால் தள்ளினால் சத்தம் மெல்ல மெல்ல எழும்பியது. கீழே இழுத்தால் அடங்கியது. பார்க்கத் தேவையில்லை. கையை எடுக்கவும் தேவையில்லை.

மூன்றாம் தரம் இவர் பாடினார். நடுவில் வழக்கம்போல் நழுவினார். நான் பெருவிரலால் அடக்கி, புதிய இடத்தைத் தேடி, திரும்பவும் எழுப்பினேன். பாடியவருக்கே அது தெரியவில்லை.

"பாத்தீரே, நான் எவ்வளவு வடிவா ஒரே சுருதியில பாடினன்" என்றார்.

கடைக்காரர் ஒளிவு மறைவில்லாதவர். ஸ்பீக்கரில் கேட்க முந்தியதுதான் இதைவிட நல்லது, தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். வாசிக்காத நேரத்தில் வயரைக் கழற்றிவையுங்கள், கொழுவியபடி விட்டால் உள்ளே இருக்கும் பட்டரி இறங்கிவிடும் என்றும் சொன்னார். ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தவள், இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பாலத்தில் பயம் வந்துவிட்டது. இனித் தப்ப வழியில்லை. கடையின் சின்ன அறை வேறு, சபை வேறு.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் கார்டெரி அக்கா எழுந்தா. மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லி முடித்து, மூச்சை இழுத்து, ஒரு பாட்டை எடுத்தா. அவ்வளவு உயரத்தில் அந்தப் பாட்டை நான் முன்பு கேட்டதில்லை. பெருவிரலால் சில்லை இழுத்துவிட்டுக் குனிந்தேன். டி, இல்லை. ஈ, இல்லை. கப்போவை மாற்றினேன். இல்லை. சபை இரண்டு வரி பாடிவிட்டது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கட்டு ஏற்றினேன். இருந்தது.

உடனே எழுப்பியிருக்கலாம். ஆனால் கிற்றார் இல்லாமல் சபை பாடுவதை நான் அதுவரை நின்று கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆண்கள் கீழே ஒரு சுருதியில் தாங்க, அந்த அக்கா மேலே தனியே போக, பின் வாங்குகளில் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து பாடினேன். சரணம் முடிந்து பல்லவி திரும்பியபோது பெருவிரலை மெல்லத் தள்ளினேன். கிற்றார் அவர்களுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

ஆராதனை முடிந்து, கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது பாஸ்டர் வந்தார்.

"சிஸ்டர், அந்தப் பாட்டில முதல் வாத்தியம் இல்லாமல் விட்டு, பேந்து கொண்டுவந்தீங்களே, நல்லா இருந்தது. யோசிச்சுச் செய்திருக்கிறீங்கள்."

ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனம் வரவில்லை.

"இல்லை பாஸ்டர். சுருதி பிடிபடேல்ல. தேடிக்கொண்டு நிண்டனான்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப ஒவ்வொரு கிழமையும் தேடுங்கோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஈஸ்டருக்குப் பிறகு?" என்று கேட்டார்.

"நிக்கிறன் பாஸ்டர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு கதிரையில் இருந்தேன். மேசையில் இருந்த பொரித்த இறைச்சி றோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். உறைப்பு நாக்கில் ஏறியது. இன்னொன்றும் எடுத்தேன்.

கார்டெரி அக்கா கோப்பையோடு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தா.

"என்ன பிள்ளை, கொஞ்சம் உயரத்தில எடுத்திட்டனோ?"

"ஓம் அக்கா" என்றேன், வாயில் றோல்ஸோடு. "இன்னும் ஒரு சுரம் ஏறியிருந்தால் ஏணி வைச்சுத்தான் உங்களைப் பிடிச்சிருப்பன்."

அவ என் முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு, மேசையை எட்டி எனக்கு மூன்றாவது றோல்ஸை எடுத்துத் தந்தா.