எஃப் பதினாலு நீங்கதானா?

"பி ஆறு, கரண்டு பில்லைக் கட்டாம எங்க ஊர் சுத்தப் போயிட்ட?" என்று கேட்டபடி பொன்னி ஒரு உறையை வீசுவாள். அது மேசையைத் தாண்டிப் பறந்து, சுவரோரத்து மர அலமாரியில் பி வரிசைக் கட்டத்துக்குள் போய் விழும். "சி முப்பது, ஒனக்குக் கல்யாணப் பத்திரிகை. பட்டுச்சேலைய எடுத்து வெயில்ல போடு." அடுத்தது பறக்கும். "டி ஒம்பது, அமெரிக்காவுலேருந்து மகன் காலண்டர் அனுப்பிருக்கான் பாரு. அங்கயும் பன்னெண்டு மாசந்தானாம்." தபால் பிரிக்கிறவர்கள் ஊருலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். உறைகளிடம் குசலம் விசாரித்துக்கொண்டே பிரிப்பவள் அநேகமாக இவள் ஒருத்திதான்.

டெல்லி சரோஜினி நகரை ஒட்டிய ஒரு குவார்ட்டர்ஸ் காலனியில், காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த சார்ட்டிங் ஆபீஸ். நீளமாக ஒரு கூடம், நடுவில் ஒரு மேசை, சுவர் நெடுக வீதிக்கொரு கட்டமாக அலமாரி. காலையில் வேன் வந்து பைகளை இறக்கும். மதியத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்துத் தபால்காரர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். ஜூனில் கூலர் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று சண்டை, ஜனவரியில் ஹீட்டர் யார் காலடியில் இருக்க வேண்டும் என்று சண்டை. இரண்டிலும் பொன்னிதான் ஜெயிப்பாள்.

அவள் சாத்தூர்க்காரி. குள்ளமான உருவம், அகலமான பொட்டு, கூடத்தின் அந்தக் கோடியில் தூங்குகிறவனை எழுப்பும் குரல். எதிர் இருக்கை ஆரிப்புக்கு ஆம்பூர். வயதில் அவர்தான் மூத்தவர், இருந்தாலும் "பொன்னிக்கா" என்றுதான் கூப்பிடுவார். மரியாதை என்று அவர் சொல்லிக்கொள்வார். பயம் என்பது ஆபீசுக்கே தெரியும். வேன் டிரைவரை அவள் விரட்டும் இந்தி தனி ரகம். "ஜல்தி இறக்கு பையா, மழை வருதுல்ல, பை நனைஞ்சா கௌன் பாக்கறது?" என்பாள். பீகார்க்காரரான அந்த டிரைவருக்கு எப்படியோ புரிந்துவிடும்.

இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அவள் செங்கோட்டையைப் பார்த்ததில்லை. காரணம் பஸ். ஏறினால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் குடலைப் பிரட்டிக்கொண்டு வரும். மெட்ரோவும் அப்படித்தான். ஊருக்கு ரயிலில் போவாள், அதுவும் மேல் பர்த்தில் கண்ணை மூடிப் படுத்தபடி. மோதி பாக்கில் வீடு பார்த்ததே வேலைக்கு நடந்து போகலாம் என்பதற்காகத்தான். கணவர் ஐயப்பனுக்கு லோதி ரோடில் ஒரு அலுவலக கேண்டீனில் வேலை. அவருடைய ஸ்கூட்டர் விடிவதற்குள் கிளம்பிவிடும். பொன்னி தன் இரண்டு கால்களை நம்பி வாழ்கிற ஜீவன்.

இன்னொரு விசேஷமும் உண்டு. காலனியில் எந்த வீட்டுக்கு என்ன வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்த வீட்டுக்காரர் வழியில் காலை மிதித்துவிட்டுப் போனாலும் அடையாளம் தெரியாது. அவளுக்கு மனிதர்கள் என்றால் கதவிலக்கங்கள். கோயில் அன்னதானத்தில் யாராவது ஒரு அம்மாள் வந்து பெயரைச் சொன்னால் முழிப்பாள். "வீட்டு நம்பரு?" என்று கேட்பாள். சொன்னதும் அந்த அம்மாளின் கையை அப்படியே பிடித்துக்கொள்வாள். "அட, நீங்களா! மழையில நனைஞ்ச ஒங்க பத்திரிகைய ஃபேன்ல காய வச்சுக் குடுத்தனே!" அந்த அம்மாள் சாம்பார் வாளியோடு திகைத்து நிற்பார்.

போன கோடையில் ஒரு நாள் மேலதிகாரி வந்தார். டீயைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மாதக் கடைசியோடு இந்த ஆபீஸ் மூடப்படும். தபாலெல்லாம் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஹப் என்ற பெரிய கூடத்துக்குப் போகும், அங்கே மெஷின் பிரிக்கும். யாருக்கும் வேலை போகாது, எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். பொன்னி மட்டும் எழுந்தாள். "சார், அங்க எப்பிடிப் போறது?" ஒரு பஸ், அப்புறம் மெட்ரோ, அப்புறம் இன்னொரு பஸ் என்றார் அதிகாரி. கேட்டதற்கே பொன்னிக்கு வாயில் புளித்த எச்சில் ஊறியது.

நல்லவேளையாக இரண்டு தெரு தள்ளியிருந்த போஸ்ட் ஆபீசில் மூன்றாம் கவுண்டர் காலியாக இருந்தது. அங்கே போஸ்ட் மாஸ்டர் வைதேஹி, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "ஒரு மாசம் ட்ரை பண்ணிப் பார்க்கலாம், பொன்னி மேடம். சரியா வரலைன்னா ஹப்தான். கவுண்டர்னா பப்ளிக். ஃபேஸைப் பார்த்து, ஸ்மைல் பண்ணி, கம்மியா பேசணும். அச்சா?" என்றார். "அச்சா மேடம்!" என்றாள் பொன்னி. அந்த அச்சாவில் வெளியே ரெஜிஸ்டர் தபாலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைதேஹிக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் தட்டியது.

சார்ட்டிங் ஆபீசின் கடைசி நாளில் வேன் காலிப் பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அலமாரியைக் கழற்ற ஆட்கள் வந்து நின்றார்கள். பொன்னி ஒவ்வொரு கட்டத்திலும் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. "எல்லாருக்கும் குடுத்தாச்சு" என்றாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். ஆரிப் லட்டு நீட்டினார். அழுதுகொண்டே வாங்கி, அழுதுகொண்டே ஒரு கடி கடித்தாள். "எந்தக் கடையில வாங்குன ஆரிப்பு? நெய்யே இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

கவுண்டரில் முதல் இரண்டு நாள் அவள் நிமிரவே இல்லை. முகங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணாடிக்கு அடியில் நீளும் கைகளை மட்டும் பார்த்தாள். வாங்கினாள், எடை போட்டாள், ரசீது கொடுத்தாள். இவ்வளவு அமைதியான ஆளையா சந்தேகப்பட்டோம் என்று வைதேஹி தன்னையே கடிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு இளைஞன் கோயம்புத்தூருக்கு ஒரு ஸ்பீட் போஸ்டை நீட்டினான். பக்கத்தில் ஒரு பெண். அனுப்புநர் முகவரியைப் படித்ததும் பொன்னியின் தலை தானாக நிமிர்ந்தது. எதிரே சிரித்த முகம், அதற்கு மேலே கருகருவென்று அடர்ந்த முடி.

"எஃப் பதினாலு நீங்கதானா?"

"ஆமாம்" என்றான் ப்ரசன்னா, தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில்.

"அந்த முடி நடுற ஆஸ்பத்திரியிலேருந்து வாரந்தவறாம கவர் வருமே! யாரு பெத்த புள்ளயோன்னு நெனச்சுக்கிடுவேன். நல்லா வந்துருக்கே தம்பி! புடிச்சு இழுத்தாலும் வராது போலயே!"

தமிழ் தெரிந்தவர்கள் அவன் தலையைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று பார்த்தார்கள். மொழிபெயர்ப்பு வரிசையின் வால்வரை போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற பெண் மது, அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள். அவளும் அந்தத் தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பொன்னிக்கு மனசெல்லாம் மகிழ்ச்சி. நட்டது முளைத்திருக்கிறதே! பையன் நேரே வைதேஹியின் அறைக்குள் நுழைந்தபோது, நன்றி சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தாள்.

"யாருக்கு என்ன தபால் வருதுன்னு வெளியில சொல்லவே கூடாது மேடம்! ரூல் தெரியாதா?" என்றார் வைதேஹி.

"நான் பிரிச்சுப் பாக்கலையே மேடம். கவரு மேலயே போட்டுருந்துச்சு."

"கவர் மேல இருக்கறதும்தான்! இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா மாசக் கடைசி வரைக்கும் வெயிட் பண்ண மாட்டேன்."

பொன்னிக்கு அன்றுதான் உறைத்தது. அந்தக் கூடத்தில் எத்தனையோ வருஷம் எத்தனையோ பேசியாயிற்று. உறைகள் கேட்டுக்கொண்டன, ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கே ஒவ்வொரு உறைக்குப் பின்னாலும் ஒரு முகம், முகத்துக்கு இரண்டு காது. பாவம், அந்தப் பிள்ளை எப்படிக் கூனிக்குறுகிப் போயிருப்பான்! வெட்கத்தில் அவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன் அவளைப் பஸ்ஸில் ஏற்றி ஒத்திகை பார்த்தார். கையில் எலுமிச்சம்பழம், ஜன்னலோர இருக்கை, வாயில் புளிப்பு மிட்டாய். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, சாலைத் தடுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், "நான் நடந்தே வாரேன், நீங்க போங்க" என்றாள். ஐயப்பன் சோடா வாங்கிக் கொடுத்தார். "வாயத் தொறந்தா வாந்தி, தொறக்காட்டி வேல. நீயே யோசிச்சுக்க" என்றார்.

அதன்பிறகு மூன்றாம் கவுண்டரில் பேச்சே இல்லை. பி ஆறு நேரில் வந்தார், பொன்னி பல்லைக் கடித்துக்கொண்டாள். டி ஒன்பது அமெரிக்காவுக்குப் பருப்புப்பொடிப் பார்சலோடு வந்தார், முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் ஆரிப்புக்குப் போன் போட்டுத்தான் மூச்சு விட்டாள். "ஆரிப்பு, டி ஒம்பது வந்துச்சுய்யா! ஒல்லியா இருக்கும்னு நெனச்சிருந்தேன், நல்லா புஷ்டியா இருக்கு!" அந்தப் பக்கம் ஆரிப் பெருமூச்சு விட்டார். "நீங்க குடுத்து வச்சவங்க அக்கா. இங்க மெஷின்கிட்ட அச்சான்னு சொன்னாக்கூட பதில் வர்றதில்ல."

மாதத்தின் கடைசி நாள் வந்தது. வைதேஹி நாற்காலியை எடுத்து வந்து பொன்னியின் முதுகுக்குப் பின்னாலேயே போட்டுக்கொண்டார். வேலை முடியும்போது முடிவைச் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார். பொன்னியின் நெற்றிப் பொட்டு வியர்வையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. வாயைத் திறக்காமல் மதியம் வரை ஓட்டிவிட்டாள்.

அப்போது ப்ரசன்னாவும் மதுவும் உள்ளே வந்தார்கள். கையில் ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள். முதல் கவுண்டர் காலியாக இருந்தது. ப்ரசன்னா அங்கே போகப் பார்த்தான். மது அவன் சட்டைக் கையைப் பிடித்து மூன்றாவதுக்கு இழுத்து வந்தாள். பொன்னி தலையைக் குனிந்தபடி பத்திரிகைகளை வாங்கி, ஒவ்வொன்றாக முத்திரையிட ஆரம்பித்தாள்.

மது கண்ணாடியருகே குனிந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். எல்லாம் நேச்சுரல்னு சொல்லி வச்சிருந்தான் இவன். அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன், சச் சச், நெஜத்தைச் சொல்லுங்க. எஃப் பதினாலுக்கு வேற என்னல்லாம் வரும்?"

முதல் கவுண்டரில் முத்திரைச் சத்தம் நின்றது. வரிசை முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தது. ப்ரசன்னாவின் முகத்தில் ரத்தமில்லை. வைதேஹி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பொன்னிக்குத் தெரியும். நிறையவே தெரியும். அத்தனையும் திமுதிமுவென்று நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அவள் மதுவைப் பார்த்தாள். ப்ரசன்னாவைப் பார்த்தாள். பிறகு ஸ்டாம்ப் ஒட்டுவதற்காக மேசைமேல் வைத்திருந்த ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தோய்த்து, மேலுதட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகத் தடவினாள். உதடுகளைச் சேர்த்து, உறையின் வாயை ஒட்டுவதுபோல் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மூடினாள்.

வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ப்ரசன்னாதான். பாதி எழுந்திருந்த வைதேஹி சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "ஹப்புக்குச் சொல்லிடறேன், பொன்னி மேடம் வரலைன்னு. இனிமே இதான் உங்க இடம். ஓகேதானே?"

பொன்னியின் கண்கள் நிறைந்தன. உதட்டை விரலால் தொட்டு ஒட்டியிருப்பதைக் காட்டினாள், தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். மற்றக் கையை அடுத்தவர் பார்சலுக்காகக் கண்ணாடிக்கு அடியில் நீட்டினாள்.