தொய்ந்த கம்பி

தொய்ந்த கம்பியைக் கண்டால் முருகையாவுக்குப் பொறுக்காது. தெமோதரைப் பக்கத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருசமாக ஃபிட்டர். மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டை கம்பியில் தொங்கித்தான் கீழே வரும். கம்பி ஒரு சாண் தொய்ந்தாலும் மூட்டை பாதி வழியில் நின்றுவிடும், இல்லாவிட்டால் கீழே நிற்பவர் தலையில் இறங்கும். அதனால் காலையில் வந்ததும் முதல் வேலை, கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து இறுக்குவது.

அப்படிப்பட்ட மனுசனைக் கடலுக்குக் கூட்டிப்போனார் மதுசூதனன் என்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியர். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றவிட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு முருகையா வெளிச்சம் கொடுத்ததைப் பார்த்தவர் அவர். பொத்துவிலுக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் அலையால் கரண்டு எடுக்கும் சோதனை நடந்தது. கடலில் ஒரு மஞ்சள் மிதவை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் உள்ளே பல்சக்கரம் சுற்றும். பதினைந்து நாள் நிற்காமல் ஓடினால் பெரிய மிதவை வரும், ஊரின் மீனுக்கு ஐஸ் அறை வரும். பல்சக்கரத்தைப் பார்த்துக்கொள்வது முருகையாவின் பொறுப்பு.

ஒன்பதாம் நாள் இஞ்சினியர் மொனராகலைக்குப் போயிருந்தார். கிரீஸ் போட, அந்த ஊர் மீனவன் பஸீலின் தோணியில் போன முருகையா, நங்கூரக் கம்பி தண்ணீருக்குள் தொளதொளவென்று கிடப்பதைக் கண்டார். கை சும்மா இருக்கவில்லை. மிதவையில் கம்பியை மாட்டியிருந்த திருகில் ஸ்பேனரைப் போட்டு, கம்பி விறைத்து நிற்கும்வரை திருகினார்.

"என்ன முருகையாண்ணன், கடலயும் கட்டிப்போடப் போறீங்களா?" என்று சிரித்தான் பஸீல்.

"நீ தோணிய ஆட்டாம புடி. வேலையின்னா இப்புடி இருக்கணும்."

மறுநாள் விடிந்தபோது கடல் பெருத்திருந்தது. மிதவை மணலில் கவிழ்ந்து கிடந்தது, பல்சக்கரத்தின் அச்சு வளைந்து. மதுசூதனன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கரைக்கு வந்தார். அறுந்த கம்பியைப் பார்த்ததும் முகம் கறுத்தது. போன வாரம்தான் அந்தக் கம்பியில் பஸீலின் வலை சிக்கிக் கிழிந்திருந்தது. "இனிச் சிக்கினா வெட்டிப்போடுவன்" என்று அவன் ஊர் கேட்கக் கத்தியிருந்தான்.

"வெட்டிப்போட்டாங்கள். அப்படியே எழுதி அனுப்பப்போறன். இந்த ஊருக்கு இனி ஒண்டும் வராது" என்றார் இஞ்சினியர்.

முருகையா கம்பி நுனியைக் கையில் எடுத்தார். வெட்டிய கம்பியில் இழையெல்லாம் ஒரே நீளத்தில் நிற்கும். இது விளக்குமாறு போல விரிந்து, இழைக்கு இழை மெலிந்து கிடந்தது. இழுபட்டு அறுந்தது. யார் இறுக்கினார் என்று சொல்ல அவரைத் தவிர ஒருத்தன்தான் இருந்தான். அந்த பஸீல் தூரத்தில் தோணிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? இருபத்தெட்டு வருசத்தில் அவர் கைப்பட்ட கம்பி அறுந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

கம்பி நுனியை இஞ்சினியரிடம் நீட்டினார். "எழுதாதீங்கய்யா. வெட்டுனா இப்புடி இருக்காது. நாந்தான் இறுக்குனேன்."

"ஏன் இறுக்கினீங்கள்? தொய்வு இல்லாட்டி, அலை ரெண்டு ஆள் உயரம் ஏறேக்க மிதவை எங்கால ஏறிப் போறது?"

"மலை ஏறி எறங்காதுங்களே ஐயா. எங்க கம்பிக்குத் தொய்வு ஆகாது. அதே நெனப்புல..."

மதுசூதனன் குனிந்து, வளைந்த அச்சைத் தடவிப் பார்த்தார். "அச்சை நிமித்தலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

சாக்கில் சுற்றிய அச்சை மடியில் வைத்துக்கொண்டு, பசறை வழியாக பதுளை பஸ்ஸில் மலையேறினார் முருகையா. ஸ்டோர் பட்டறையில் நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் அச்சோடு திரும்பி இறங்கியபோது, "தெரியாத கம்பியில கை வச்சேன் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சோதனை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது. இந்த முறை கம்பி கட்டியது பஸீல். கட்டி முடித்து, தோணியில் இருந்த முருகையாவைத் திரும்பிப் பார்த்தான். கம்பி தொளதொளவென்று தொங்கியது.

"எப்படிண்ணன், பாக்கப் பொறுக்குதா?"

"பொறுக்கலடா" என்ற முருகையா, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். "சீக்கிரம் தோணியத் திருப்பு."