மரம் வெட்டணுமாங்க?

மரம் வெட்டும் தொழிலில், மரத்தில் ஏறுவதற்கு முன்னால் நூறு வாசற்படி ஏற வேண்டும். வீடு வீடாய் எதையாவது விற்கப் போய், நாய் குரைத்ததும் கேட்டுக்கு வெளியே நின்றே பேசி முடித்த என் இனத்தவர்களே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது இல்லை. மழை விடட்டும்.

சிவலிங்கம் மாமா, என் அம்மாவின் தம்பி, தேயிலைத் தோட்டத்து மரங்களை ஒப்பந்தம் எடுத்து வெட்டிய கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவர். கொந்தராத்துக்காரர் தொழிலை விட்டதும் மாமாவிடம் ஒரு மெஷின் வாள் மட்டும் மிஞ்சியது. கொழும்பில் ஒரு கூட்டாளி, ஸ்டோர்ஸில் மூட்டை தூக்க இடம் பிடித்து வைத்திருந்தான். மாத முடிவு வரைதான். அதற்குள் வெட்ட மரம் கிடைத்தால் மாமா எங்களோடு இருப்பார், இல்லாவிட்டால் கொழும்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நானும் கூடப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் அடுத்தவர் குரலில் பேசுவது. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு நின்ற ஆட்களை, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா குரலில் "இன்னைக்கு வேலை இல்ல, போங்க" என்று வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

மேல் லயம்

தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றின் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் சவுக்கு மரம். காற்றடித்தால் கிளை தகரத்தை உரசும். அந்த வீட்டில் பிள்ளைகளைக் கதவோரமாகவே படுக்க வைக்கிறார்களாம், ஓடுவதற்கு வசதியாக. இதைவிட நல்ல வாடிக்கை எங்கே கிடைக்கும்? மாமா அண்ணாந்து பார்த்து, "ஒரு மணி நேரம் போதும்மா, தகரத்துல ஒரு கீறல் விழாம இறக்கிருவேன்" என்றார். அந்த வீட்டு அக்கா கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"மரம் தோட்டத்தோடதுண்ணே. விழுறது மட்டுந்தான் எங்க மேல."

தோட்டத்து ஆபீஸ்

சரி, தோட்டத்தையே கேட்போம் என்று போனோம். மாமா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கையைச் சாய்த்துக் காட்டினார். கிளாக்கரையா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் சொன்னதை வழியெல்லாம் அவர் குரலிலேயே நான் சொல்லிக் காட்டியும் மாமா சிரிக்கவில்லை.

"விழுந்தா வந்து சொல்லுங்க. விழாத மரத்துக்கு இங்க ஃபோம் இல்ல."

நோர்வூட் டவுன்

யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் வீடு. முற்றத்தில் பட்டர்ஃப்ரூட் மரம், கிளை கரண்டுக் கம்பியைத் தொடுகிறது. உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுத்தார். எந்தக் கிளை முதலில், கயிறு எங்கே, எந்தப் பக்கம் இறங்கும் என்று மாமா அரை மணி நேரம் விளக்கினார். வாத்தியார் நடுவில் இரண்டு கேள்விகூடக் கேட்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"வடிவா விளங்கப்படுத்தினீங்கள் தம்பி. ஆனா நான் இஞ்ச வாடகைக்கெல்லோ இருக்கிறன்."

பட்டிப்பொல

வாத்தியாரின் யாழ்ப்பாணப் பேச்சு என் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் பின்னேரம், பழைய சிம் ஒன்றைப் போட்டு, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நான் பட்டிப்பொலையில இருந்து கதைக்கிறன். ஸ்டேஷனுக்கு மேல என்ர வளவு. மூண்டு பெரிய மரம் நிக்குது."

"சொந்த வீடுங்களா ஐயா?" மாமா முதலில் கேட்டது அதைத்தான்.

"ஓமோம், சொந்தக் காணி. மழை விடட்டும், சொல்லுறன்."

சிரித்துக்கொண்டே உள்ளே போய் உண்மையைச் சொல்வதாகத்தான் திட்டம். போனால், மாமா சீட்டியடித்தபடி வாளின் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். "அங்க பேய் மழை போலக்கா, போன்லயே கேக்குது" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு என் பட்டிப்பொல ஐயா மூன்று தடவை மழையைச் சொல்லித் தள்ளிப் போட்டார். மாமா மூன்று தடவையும் அரம் போட்டார். மாத முடிவில் கொழும்புக்குப் போன் எடுத்து, "மூணு மரம் இருக்குடா, நான் வரல" என்றார். அந்த இடம் அன்றே வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அடுத்த கிழமை ஒரு நாள், விடியவே வாளைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறியவர், பொழுது சாயும்போதுதான் திரும்பினார். வாளை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வேறு எங்கேயோ மரம் தேடிப் போயிருப்பார், ஆளைக் கொஞ்சம் தேற்றலாம் என்று பீலியடிக்கு ஓடினேன். "தம்பி, இஞ்ச இண்டைக்கும் சரியான மழை..."

மாமா குறுக்கே பேசினார்.

"பட்டிப்பொலையில இன்னைக்கு நல்ல வெயிலுங்க ஐயா, போய்ட்டுத்தான் வர்றேன். நீங்க சொன்ன எடத்துல வீடே இல்ல, காடுதான். போன்ல கேக்குறது நம்ம பீலித் தண்ணி... உள்ள வாடா, குளிருது."

இத்தனை கதவு தட்டியதில் மாமாவுக்குக் கிடைத்த ஒரே வாடிக்கைக்காரன் நான்தான்.