தலையில் கட்டிய வட்டை

மட்டக்களப்பில் எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு யூடியூபில் போடுவது கம்சாயினியின் வேலை. புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போவாள். அதனாலேயே அவர்களில் பாதிப்பேரைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். அன்று வந்தவர் கொழும்பு நாவலாசிரியர். பழுகாமத்து மண்ணின் மொழியை அப்படியே எழுதிவிட்டதாக அளந்துகொண்டேயிருந்தார். கம்சாயினி பிறந்ததே பழுகாமத்தில்.

"சேர், உங்கட கதாநாயகன் வட்டையத் தலையில கட்டிக்கொண்டு போறாரே, வட்டை எண்டா என்ன?"

"உழவன்ட தலைப்பாகை. உழைப்பின் குறியீடு."

"எங்கட ஊரில வயல்வெளியத்தான் வட்டை எண்டு சொல்ற. பாவம் மனிசன், அவ்வளவு வயலையும் தலையில கட்டிக்கொண்டு எப்பிடி நடந்தாரு?"

அவர் முகம் கறுத்தது. "அந்த இடத்த வெட்டிருங்க."

கம்சாயினி வெட்டினாள், மற்ற எல்லாவற்றையும்.